பாதிக்கப்பட்டவர் தேவை

மைக்கக்காவின் மேல்வரிசை முன்பற்கள் மூன்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போயின. பேருந்தின் கூரையிலிருந்து இறக்கிய இரும்புப் பெட்டி ஒன்று கைநழுவி அவள் முகத்தில் வந்து இறங்கியது. பெட்டிக்கு எந்தச் சேதமும் இல்லை என்று நிலைய மேலாளர் அன்றைக்கே அறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்.

நகரத்தின் பெரிய பேருந்து நிலையத்தில் பத்தொன்பது வருடமாக அவள்தான் அறிவிப்பாளர். ஓட்டுநர்களிலிருந்து கழிப்பறைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் மைக்கக்கா. எந்த வண்டி எந்தத் தடத்தில் நிற்கிறது என்று அவள் சொன்ன பிறகுதான் அந்த வண்டி அங்கே நிற்பதாக ஜனங்கள் நம்புவார்கள்.

காயம் ஆறி அவள் மறுபடி மைக் முன்னால் உட்கார்ந்தபோது, 'த' என்ற எழுத்து அவளைவிட்டுப் போயிருந்தது. 'தடம்' என்றால் 'ஹடம்' என்று வந்தது. 'பத்து' என்பது வெறும் காற்றாக வந்தது. 'ஒன்பது' என்பதும் அதே காற்றில்தான் முடிந்தது. மூன்றாம் நாள், பத்தாம் தடத்தில் ஏற வேண்டிய ஒரு கல்யாணக் கோஷ்டி ஒன்பதாம் தடத்து வண்டியில் ஏறித் துறைமுகத்துக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையும் அதில்தான் இருந்தார்.

மேலாளர் அவளைக் கூப்பிட்டு அன்பாகவே பேசினார்.

"ஒரு ஆள் தப்பான ஊருக்குப் போனா அது அவர் தப்பு. ஒரு கல்யாணமே போனா அது நம்ம தப்பு. எட்டு மாசம் டைம் தர்றேன். கடைசியில ஒரு குரல் தேர்வு வெப்பேன். அதுல தேறலைன்னா தொலைந்த பொருள் பிரிவு. அங்க நீங்க பேசவே வேண்டாம். தொலைச்சவங்கதான் பேசுவாங்க."

அதுவரை பார்சல் பிரிவில் அவளை உட்காரவைத்தார்கள். அங்கே இருந்தால், வேறு யாரோ ஒரு பையனின் குரல் தன் வண்டிகளையெல்லாம் அனுப்பிக்கொண்டிருப்பது கேட்கும். அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்.

அந்த ஊரில் பல் வைத்தியம் முழுவதும் பற்காப்புப் பேரவையின் கையில் இருந்தது. விலையை வைப்பது பேரவை. வரிசை எண் கொடுப்பது பேரவை. எந்த டாக்டர் எந்தப் பல்லைத் தொடலாம் என்று சொல்வதும் பேரவை. தாடை எலும்பில் திருகாணி பதித்து அதன் மேல் பல் வைக்க என்ன ஆகும் என்று அவள் கேட்டதற்கு, வரவேற்பில் இருந்த பெண் ஒரு தொகையைச் சொன்னாள்.

"மூணு பல்லுக்குமா?"

"ஒண்ணுக்கு. உங்க முறை வர பதினாலு மாசம் ஆகும். அதுக்குள்ள விலை ஏறினா நாங்களே போன் பண்ணிச் சொல்லிடுவோம். அந்த சேவைக்குக் கட்டணம் கிடையாது."

அவளுடைய வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர். தொகையைக் கேட்டதும் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தக் காசுக்கு முன்வாசலையே இடிச்சுட்டுப் புதுசா கட்டலாமே."

"வீட்டுக்கு வாசல் இருக்குங்க. எனக்குஹான் இல்ல."

எல்லைக்கு அப்பால், பதினோரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில், இதே வேலையைப் பாதி விலைக்கும் குறைவாகச் செய்கிறார்கள் என்று பலரும் சொன்னார்கள். அந்த வண்டியைப் பத்தொன்பது வருடமாகத் தினமும் அறிவித்தவள் அவள். ஒரு நாளும் அதில் ஏறியதில்லை.

சாப்பாட்டு மேசையில் வீட்டுக்காரர் ஒரு நோட்டை விரித்து, இடப்பக்கம் 'பயம்' என்றும் வலப்பக்கம் 'பயன்' என்றும் தலைப்புப் போட்டார். பயத்தின் பக்கம் மளமளவென்று நிரம்பியது. கருவியைச் சுத்தம் செய்வார்களா? வைக்கிற பொருள் அசலா போலியா? டாக்டர் படித்தவர்தானா? வீங்கினால் யாரைப் பிடிப்பது? திரும்பி வந்த பிறகு கழன்றால் யார் பார்ப்பது? பயன் பக்கத்தில் 'விலை', 'குரல்' என்று இரண்டே சொற்கள்.

"பயம்தான் ஜெயிக்குது. விட்டுடு," என்றார்.

"பயஹ்ஹை எண்ணாஹீங்க. ஒவ்வொண்ணையும் கேள்வியா மாஹ்ஹி எழுஹுங்க. அவங்ககிட்ட கேப்போம். என்ன பஹில் வருஹோ, அப்புறம் அஹை எண்ணலாம்."

ஏழு கேள்விகள் தேறின. நான்கு மருத்துவமனைகளுக்குப் போன் போட்டாள். முதலாவது ஆள் எல்லாக் கேள்விக்கும் "நம்பிக்கை வெச்சு வாங்கம்மா" என்றார். கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு இரண்டாவது இடம் நீச்சல் குளத்தின் படத்தை அனுப்பியது. மூன்றாவது இடம் ஒரே நாளில் முடித்துத் தருவதாகவும், கூட ஒருவரை அழைத்துவந்தால் அவருக்கும் பல் பிடுங்கச் சலுகை உண்டென்றும் சொன்னது. வீட்டுக்காரர் அதன் பெயரை மட்டும் நோட்டில் இரண்டு கோடு போட்டு அடித்தார்.

நான்காவதாகப் பேசிய டாக்டரம்மா, பதில் சொல்வதற்கு முன் தான் கேள்வி கேட்டார். சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எக்ஸ்ரே எங்கே என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் ஏழு கேள்விக்கும் வந்தார்.

"ரெண்டு தடவை வரணும். நடுவுல நாலு மாசம் எலும்பு பிடிக்கணும். அவசரம்னா என்கிட்ட வராதீங்க. விலை குறைவுதான், ஆனா நான் உங்க பக்கத்துத் தெருவுல இல்ல. ஏதாவது ஆச்சுன்னா பதினோரு மணி நேரம் வரணும். அதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணி முடிவெடுங்க."

"வராஹீங்கன்னு சொன்ன ஒரே ஆள் இவங்கஹான்," என்று மைக்கக்கா போனை வைத்தாள். "இங்க போலாம்."

போவதற்கு முன் ஒரு தடை இருந்தது. அரசுச் சம்பளம் வாங்குகிறவர் வெளிநாட்டுச் சிகிச்சைக்கு விடுப்பு எடுக்க வேண்டுமானால், பற்காப்புப் பேரவையின் பாதுகாப்பு அறிவுறுத்தல் அமர்வில் கலந்துகொண்டு சான்றிதழ் வாங்க வேண்டும்.

பேரவைக் கட்டடத்தின் அரங்கில் இருநூறு நாற்காலிகள் இருந்தன. அவள் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் ஏறிய விழிப்புணர்வு அலுவலர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அனைவருக்கும் வணக்கம்," என்றார். பிறகு, ஒவ்வொருவராக எழுந்து தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார். அவள் எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவர் அடுத்தவருக்காகச் சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு, "இப்ப குழுக்களாப் பிரியலாம்," என்றார்.

"சார், நான் ஒரு ஆள்ஹான்."

"விதியில குழுன்னுதான் இருக்கு. முதல்ல இடப்பக்கம் உட்காருங்க. அப்புறம் வலப்பக்கம்."

அவள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து எழுந்தாள். விளக்கு அணைந்து திரையில் படங்கள் வந்தன. ஒரு வீங்கிய கன்னம். கறுத்துப்போன ஈறு. உடைந்த பல் ஒன்று.

"இஹெல்லாம் எந்ஹ நாடு?"

"இது எல்லாமே இங்க எடுத்ததுதான். வெளிநாட்டுக்குப் போய்ப் படம் எடுக்க எங்களுக்கு நிதி ஒதுக்கலைம்மா. ஆனா கன்னம் எங்க வீங்கினாலும் இப்படித்தான் வீங்கும்."

"வெளியூர் போய் எஹ்ஹனை பேர் பாஹிக்கப்பட்டிருக்காங்க?"

அவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் நிமிர்ந்தார். "அதான் பிரச்சினை! பாதிக்கப்பட்டவங்க யாரும் எங்ககிட்ட வர்றதில்ல. வந்தாலும் நாங்க பார்க்கிறதில்ல. அதனால எண்ணிக்கையே தெரியல. எண்ணிக்கையே தெரியாத அளவுக்கு ஆபத்து! யோசிச்சுப் பாருங்க."

கடைசியில் ஒரு படிவத்தை நீட்டினார். 'என் வாய்க்கு நானே பொறுப்பு' என்று மூன்று இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் கையெழுத்துப் போட்ட மேசைக்கு மேலே, சுவரில், பேரவையின் கொள்கை பெரிய எழுத்தில் இருந்தது: உங்கள் வாய், எங்கள் பொறுப்பு.

எல்லைக்கு அப்பாலிருந்த சிகிச்சை அறையின் சன்னல் ஒரு டயர் கடையைப் பார்த்திருந்தது. டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு, ஒட்டி மூடிய உறை ஒன்றை அவள் கண் முன்னால் பிரித்தார். நீராவியில் வைத்துச் சுத்தம் செய்த கருவி என்பதற்கு அடையாளமாக உறையின் பட்டை நிறம் மாறியிருந்ததைக் காட்டினார். மைக்கக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். திருகாணி பதித்த மறுநாள் காலை கன்னம் பொங்கி நின்றது. பயந்துபோய் போன் செய்தாள். டாக்டரம்மா வரச் சொல்லிப் பார்த்து, ஐஸ் வைத்து, இரண்டு நாள் தங்கவைத்து அனுப்பினார். நான்கு மாதம் கழித்து இரண்டாம் முறை போனாள். மூன்று பற்களும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே பாலமாக வந்து உட்கார்ந்தன. திருகாணியின் கம்பெனி, அளவு, தேதி எல்லாம் எழுதிய அட்டை ஒன்றையும் கையில் கொடுத்தார்.

திரும்பி வந்து, தேர்வு வரைக்குமான தற்காலிக ஆணையோடு மைக் முன்னால் உட்கார்ந்தாள். "பத்தாம் தடத்தில்" என்றாள். நிலையம் முழுக்க அது நறுக்கென்று விழுந்தது. பத்தாம் தடத்து ஓட்டுநர் காரணமே இல்லாமல் ஹாரன் அடித்தார். மற்றவர்களும் அடித்தார்கள். மேலாளர் வெளியே ஓடிவந்து, சத்தம் போடுவது தடைசெய்யப்பட்டது என்று சத்தம் போட்டார்.

ஆறு வாரம் கழித்து, 'த' சொல்லும்போதெல்லாம் பாலம் லேசாக அசைந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள்.

"பாலத்தைப் பிடிச்சிருக்கற ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். சில பேருக்கு ஆகும். பயப்பட வேண்டாம், ஆனா தள்ளிப்போடாதீங்க. ஆட விட்டா உள்ள இருக்கறது உடைஞ்சிடும். அந்த அட்டையைக் காட்டினா அங்க எந்த டாக்டரும் பத்து நிமிஷத்துல முறுக்கிடுவாங்க. யாரும் செய்யலைன்னா இங்க வாங்க. நான் காசு வாங்க மாட்டேன்."

விடுப்பெல்லாம் தீர்ந்திருந்தது. குரல் தேர்வுக்குப் பதினேழு நாள் இருந்தது. அவள் உள்ளூரிலேயே ஆள் தேடினாள்.

முதல் டாக்டர் அவள் வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு பார்வை பார்த்து, மோவாயைப் பிடித்துத் தானே மூடினார். அலுவலகக் கோப்பு ஒன்றை மூடுவதுபோல இருந்தது. பேரவையின் சுற்றறிக்கை நாற்பத்தொன்றை எடுத்துக் காட்டினார். வெளிநாட்டில் வைத்த பல்லில் கைவைப்பவர் அந்தப் பல்லின் முழு வரலாற்றுக்கும் பொறுப்பாவார் என்று அதில் இருந்தது.

இரண்டாமவர் இன்னும் நுட்பமானவர். "என் பதிவேட்டின்படி உங்களுக்கு அந்த இடத்துல பல்லே இல்ல. இல்லாத பல்லை எப்படி முறுக்கறது?"

"ஆடுதே டாக்டர்."

"இல்லாதது எப்படிம்மா ஆடும்?"

மூன்றாமவர், பாலத்தையே கழற்றி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க மட்டும் தனக்கு அனுமதி உண்டு என்றார். பதினான்கு மாத வரிசை என்பதையும் மறக்காமல் சொன்னார்.

வீட்டில், வீட்டுக்காரர் கண்ணாடிச் சட்டத்துக்குப் போடும் பொடித் திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்தார். "இதே சைஸ்தான் இருக்கும்போல. நான் வேணா ஒரு தடவை..."

"உங்க கண்ணாடி மூக்குல உட்காருது. இது எலும்புல உட்காருது. தள்ளிப் போங்க."

ஒன்பதாம் நாள் பேரவையின் செயலாளரே போனில் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"அம்மா, மனமார்ந்த வாழ்த்துகள்!"

"எதுக்குங்க?"

"நீங்க பாதிக்கப்பட்டிருக்கீங்கன்னு தகவல் வந்தது! நாலு வருஷமா உங்களைத்தான் தேடிட்டிருக்கோம். வெளிநாட்டுப் பல் எதிர்ப்பு நாள் வருது. மேடையில உட்கார வெக்க ஒரு ஆள்கூடக் கிடைக்கறதில்ல. போன வருஷம் என் மச்சானுக்குக் கன்னத்துல கட்டுப் போட்டு உட்காரவெச்சேன். தலைவர் பேசப் பேச அவனுக்குப் பசி வந்து, மேசையில அழகுக்கு வெச்ச ஆப்பிளைக் கடிச்சுத் தின்னுட்டான்."

மேடையில் அவள் தன் அனுபவத்தைச் சொன்னால், பேரவைத் தலைவரே எல்லோர் முன்னிலையிலும் திருகாணியை முறுக்கிவிடுவார் என்றார். அதற்கு 'மீட்புச் சிகிச்சை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"போகப்போறியா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஸ்க்ரூ முறுக்கணும். யார் முறுக்கினா என்னங்க?"

ஒத்திகைக்குப் போனாள். செயலாளர் எழுதிவைத்திருந்த தாளை வாசிக்கச் சொன்னார். 'ஐயோ, மலிவுக்கு ஆசைப்பட்டேன்' என்று அது தொடங்கியது.

"நான் மலிவுக்கு மட்டும் போகலைங்க. ஏழு கேள்வி கேட்டுட்டுப் போனேன்."

"கேட்டேன்னு சொன்னா ஜனங்களுக்கு அழுகை வராதும்மா. வாசிங்க."

வாசித்தாள். செயலாளர் முகம் சுளித்தார்.

"என்னம்மா, இவ்வளவு தெளிவா இருக்கு! பாதிக்கப்பட்டவங்க இப்படியா பேசுவாங்க? கொஞ்சம் குழறுங்க. 'த' வர்ற இடத்துல எல்லாம் காத்து விடுங்க. பழக்கம்தானே உங்களுக்கு?"

பார்சல் பிரிவில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதங்களில் ஒருமுறைகூட அவளுக்குக் கண் கலங்கியதில்லை. இப்போது கலங்கியது. கூடவே காது மடல் இரண்டும் சூடாயின. தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "பார்க்கலாங்க," என்று மட்டும் சொன்னாள்.

விழா அன்று இருநூறு நாற்காலியும் நிரம்பியிருந்தது. பேரவை உறுப்பினர்கள் எல்லோரும் வர வேண்டும் என்பது விதி. பின்வரிசைகளில் பொதுமக்கள். வீட்டுக்காரர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, ஏழு கேள்விகள் எழுதிய நோட்டை மடியில் வைத்திருந்தார்.

தலைவர் பேசினார். "பாதுகாப்பு விலைமதிப்பற்றது. அதனாலதான் அதுக்கு நாம ஒரு விலை வெச்சிருக்கோம். அந்த விலையைக் கொடுக்க முடியாதவங்க பாதுகாப்பா இருக்க நாம ஒரு வழியும் வெச்சிருக்கோம். பதினாலு மாசம் காத்திருக்கறதுதான் அந்த வழி. காத்திருக்கும்போது யாருக்காவது தொற்று வந்திருக்கா? கருவியே வாய்க்குள்ள போகாதப்ப எப்படித் தொற்று வரும்? இதைவிடப் பாதுகாப்பான வைத்தியம் உலகத்துல எங்கயாவது உண்டா?" உறுப்பினர்கள் கைதட்டினார்கள்.

பிறகு மைக்கக்காவை மேடையேற்றினார்கள். சிவப்புப் பட்டுத் தலையணையில் ஒரு வெள்ளித் திருப்புளி வந்தது. கைப்பிடியில் ரிப்பன் கட்டியிருந்தது. தலைவர் ரிப்பனை அவிழ்த்து, புகைப்படக்காரருக்குக் காட்டி, அவள் வாயருகே கொண்டுவந்தார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. மூடிய உதட்டோடு அதை உற்றுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இதை எப்பங்க நீராவியில வெச்சீங்க? உறை எங்க?"

"அம்மா, இது தலைவர் பதவியோட வர்ற கருவி. பதினொரு தலைவர்கள் கை மாறி என்கிட்ட வந்திருக்கு!"

"பதினொரு வாயும் மாறித்தானே வந்திருக்கும்?"

முன்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"என் பல்லுல இருக்கறது எந்தக் கம்பெனி ஸ்க்ரூன்னு தெரியுமா? அட்டை கொண்டுவந்திருக்கேன். பார்க்கறீங்களா?"

"மேடையில அதெல்லாம் எதுக்கும்மா? சும்மா வெச்சு ஒரு திருப்பு. படம் எடுத்ததும் முடிஞ்சுது."

செயலாளர் திரைக்குப் பின்னாலிருந்து, "குழறுங்க, குழறுங்க," என்று கிசுகிசுத்தார்.

மைக்கக்கா எழுந்து மைக் முன்னால் போய் நின்றாள். தொண்டையைச் செருமவில்லை. அவளுக்கு அது பழக்கமில்லை.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

பின்வரிசையில் சிலர் தங்களையறியாமல் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

"வெளிநாட்டில் பல் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் ஏழு கேள்வி கேட்டுவிட்டுப் போகவும். உள்ளூரில் வைத்துக்கொள்கிறவர்களும் அதே ஏழு கேள்வியைக் கேட்கவும்." ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆடுகிற பாலத்தோடு, ஒரு எழுத்துகூடப் பிசகாமல் சொன்னாள். வீட்டுக்காரர் விரலை வைத்து நோட்டில் சரிபார்த்துக்கொண்டே வந்தார்.

ஏழும் முடிந்ததும் குரலை இறக்கிச் சாதாரணமாகப் பேசினாள். "அங்க போனதுல எனக்கு பயம் இருந்தது. வீக்கம் வந்தது. ஸ்க்ரூவும் தளர்ந்தது. எல்லாம் உண்மை. ஆனா அங்க கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது. இங்க அந்த ஸ்க்ரூவை முறுக்க ஒன்பது நாள் அலைஞ்சேன். ஒரு கை வரல. இந்தப் பேரவைக்குப் பாதிக்கப்பட்டவங்க வேணும்னா, அந்த ஒன்பது நாளுக்கு நான் பாதிக்கப்பட்டவதான். எழுதிக்கோங்க. குழறிப் பேச மட்டும் என்னால முடியாது."

"மைக்கை அணைங்கய்யா!" என்றார் தலைவர்.

ஒலிபெருக்கிக்காரர் தலையைச் சொறிந்தார். "அக்கா பேசிட்டிருக்காங்களே சார்."

அவள் பேசி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

வாசலில், சைக்கிள்கள் நிற்கும் இடத்தில், இளம்பெண் ஒருத்தி மூச்சுவாங்க ஓடிவந்தாள். கழுத்தில் பேரவையின் உறுப்பினர் அட்டை தொங்கியது. ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் என்று சொன்னாள்.

"அந்த அட்டையைக் காட்டுங்கக்கா." வாங்கிப் படித்தாள். "இந்தக் கம்பெனிக் கருவி என்கிட்ட இல்ல. வரவெக்கணும். வியாழக்கிழமை காலையில வாங்க. அதுவரைக்கும் முன்பல்லால எதையும் கடிக்காதீங்க. கருவியை உங்க முன்னாடிதான் பிரிப்பேன்."

"உன்மேல நடவடிக்கை எடுப்பாங்கம்மா."

"தெரியும். அந்த சுற்றறிக்கை வந்தப்போ நானும் கையெழுத்துப் போட்டவதான். ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். அவங்க முகம் இன்னும் மறக்கல."

வியாழக்கிழமை, ஒட்டிய உறை பிரிந்தது. பட்டை நிறம் மாறியிருந்தது. வேலை எட்டு நிமிடத்தில் முடிந்தது. பாலம் கல்போல் நின்றது. அடுத்த வாரம் குரல் தேர்வு. மேலாளர் வேண்டுமென்றே 'த' நிறைந்த தாளாக எழுதிக் கொடுத்தார். அவள் வாசித்து முடித்ததும் கையெழுத்துப் போட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

சின்ன டாக்டருக்குப் பேரவையின் கடிதம் ஒரு மாதத்துக்குள் வந்தது. எட்டுப் பக்கம், பதினோரு கையெழுத்து. சுற்றறிக்கை நாற்பத்தொன்றை மீறி வெளிநாட்டுத் திருகாணியை முறுக்கியது ஏன் என்று ஏழு நாளுக்குள் தக்க ஆதாரங்களோடு விரிவான விளக்கம் தர வேண்டும், தவறினால் உரிமம் ரத்தாகும். கடிதம் வந்த காலையில் மைக்கக்கா பரிசோதனைக்காக அவளுடைய கிளினிக்கில் உட்கார்ந்திருந்தாள். காத்திருப்போர் நாற்காலி ஆறும் நிரம்பி, நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் எழுதிவைத்த கேள்வித் தாள்.

"என்னக்கா எழுதறது? வக்கீலைப் பார்க்கணுமா?"

"எதுக்கு? நடந்ததை எழுதும்மா."

சின்ன டாக்டர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, மேலே பேரவையின் முகவரியையும் கடித எண்ணையும் எழுதி, விளக்கம் என்று அடிக்கோடிட்டு, அதன் கீழே ஒரே ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

'தளர்ந்திருந்தது.'

கடித உறையை ஒட்டி மேசையோரம் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அடுத்தவரை உள்ளே வரச் சொன்னாள்.